பிடிமண்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமையில் அய்யனாருக்கு மண்குதிரை செய்து செலுத்தும் புரவியெடுப்புத் திருவிழாவை நடத்துவதென்று முடிவானதும், ஊர்ப் பெரியவர்கள் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து, மண் வனையும் குயவரான வேளாரிடம் கொடுக்கிறார்கள். அதற்குப் பிடிமண் என்று பெயர். அதை வாங்கிக்கொண்ட வேளார் விரதம் இருந்து, கண்மாய்க் களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்துப் பதமாக்கி, கால்களை முதலில் உருவாக்கி நிறுத்தி, அவை சற்றே இறுகிய பிறகு வயிறு, கழுத்து, தலை என்று மேலே வனைகிறார். சூளையில் வெந்து வண்ணம் பூசிய குதிரைகள் கண் திறக்கப்பட்டு, ஊரார் தோளில் ஏறி அய்யனார் கோயிலுக்குப் போகின்றன.

போனவை திரும்புவதில்லை. வெயிலிலும் மழையிலும் நின்று, காது உதிர்ந்து, கால் முறிந்து மண்ணோடு சேர்கின்றன. வரிசையின் பழைய முனைவரை நடந்து பாருங்கள். அங்கே ஓட்டுச்சில்லுகள்தாம் காலில் தட்டுப்படும். அவை நம் பூட்டன் பூட்டி செலுத்திய நேர்த்திக்கடன்.

பிடிமண்ணுக்கு இன்னொரு பொருளும் உண்டு. பஞ்சத்தாலோ பகையாலோ ஊரைவிட்டுப் பெயர்ந்தவர்கள், குலதெய்வம் இருந்த இடத்து மண்ணில் ஒரு பிடியைத் துணியில் முடிந்து எடுத்துப் போய், குடியேறிய ஊரில் அதை வைத்தே பீடம் எழுப்பினார்கள். பட்டயமும் கல்வெட்டும் இல்லாத எத்தனையோ குடும்பங்களுக்குத் தங்கள் பூர்வீகத்தைச் சொல்லும் ஒரே சாட்சி இந்த மண்தான். இறந்த முன்னோரைக் கல்லில் கண்டு வணங்குவதும் நமக்குப் புதிதன்று. பகைவரைத் தடுத்து, யானையை வீழ்த்தி மடிந்தவரின் நடுகல்லை அன்றி, நெல் தூவி வழிபடும் கடவுள் வேறில்லை என்று புறநானூற்றின் 335-ஆம் பாடலில் மாங்குடி கிழார் பாடுகிறார்.

அய்யனார் காட்டில் அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கவும் அஞ்சியவர்கள் நம் பெரியவர்கள். அந்த அச்சத்தால்தான் வறண்ட பூமியிலும் வீரை மரமும் பாலை மரமும் இன்றும் பிழைத்து நிற்கின்றன. அவற்றை வெட்டிவிட்டு மண்டபம் கட்டி, தரைக்குப் பளிங்கு ஒட்டி, வாசலில் சிமெண்டுக் குதிரை நிறுத்துவதைக் காணும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. சாமிக்குச் செய்வதாக நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் சாமி இருந்த இடமே அந்த நிழலும் அந்த மண்ணும்தானே?

திருப்பணிக் குழுக்களில் இருக்கும் அன்பர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். மண்டபத்தை மரங்களை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள். உடைந்த குதிரைகளை வண்டியில் அள்ளிக் கொட்டாதீர்கள். அடுத்த புரவியெடுப்புக்கும் பிடிமண் வேளார் வீட்டுக்கே போகட்டும்.