பதினேழு ஃப்ரேம் லேட்டு!

வணக்கம் மக்களே. இன்னைக்குக் கடுப்புலதான் கேமராவை ஆன் பண்ணிருக்கேன். போன வீடியோல பாத்தீங்கல்ல, நான் எடுத்த அந்த ஆத்துப் படம்? வசனம் இல்ல, வாய்ஸ் ஓவர் இல்ல, செக் நாட்டு இசையமைப்பாளர் ஸ்மெட்டானா, வல்டாவா ஆறு ஊத்துலருந்து ஓடுறதை இசையாக்கின 'வல்டாவா' ஆர்கெஸ்ட்ரா மட்டும். கடைசியில ரெண்டு பெரிய அடி விழும். ரெண்டாவது அடியிலேயே திரை கருப்பாகணும். இங்க இசை நின்னதுக்கு அப்புறம் சாவகாசமா கருப்பாகுது!

காரணம் இதுதான். எடிட் பண்ற டைம்லைன் செகண்டுக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 படம். ஊமைப் படமா வெளிய எடுத்தது 23.976. ஆயிரத்துல ஒரு பங்கு மெதுவா ஓடும். அப்புறமா இசையைச் சேர்த்தா 12 நிமிஷத்துல 0.72 செகண்ட், அதாவது பதினேழு ஃப்ரேம் பின்தங்கிடும். முதல் நிமிஷத்துல ஒண்ணரை ஃப்ரேம்தான், கண்ணுக்கே தெரியாது. அதனால சிங்க், அதாவது படமும் இசையும் ஒத்துப்போகுதான்னு பாக்கணும்னா முதல்ல கடைசிக்குப் போங்க. கேமரால என்ன ஃப்ரேம் ரேட்டோ அதையே டைம்லைனுக்கும் வைங்க. ரிசால்வ் எடிட்டிங் சாஃப்ட்வேர்ல க்ளிப் போட்டுட்டா அப்புறம் மாத்தவே விடாது.

சரி, கட்டிங். ஆரம்பத்துல புல்லாங்குழல்தான் ஆறு பொறக்குற ஒரு ஊத்து, கிளாரினெட் வந்து சேர்ந்தா அடுத்த ஊத்து. அங்க பாசி, சொட்டு, கூழாங்கல்லுன்னு கிட்டக்க மட்டும் காட்டுங்க. வயலின்ல மெயின் மெட்டு வர்ற வரைக்கும் முழு ஆத்தைக் காட்டவே கூடாது. காட்டினா மெட்டு வரும்போது கையில ஒண்ணும் மிஞ்சாது.

இசையில நிலாவெளிச்சம் வர்ற பகுதியில ஒரு ஷாட்டு 12 செகண்டாவது நிக்கட்டும். பாறையில தண்ணி மோதுற இடத்துலதான் எல்லாருக்கும் கை அரிக்கும், சிங்கி அடிக்கிறப்பல்லாம் வெட்டுவாங்க. கல்யாண வீடியோ மாதிரி இருக்கும்! மெட்டோட வரி தொடங்குற இடத்துல, ரெண்டு ஃப்ரேம் முன்னாடி வெட்டுங்க. தாளத்தைத் தானா கண்டுபிடிச்சுக் குறி போடுற ஆட்டோ பீட் மார்க்கர்... நான் எப்பவும் திட்டுறதுதான். ஆர்கெஸ்ட்ரா இழுத்தும் விட்டும் வாசிக்கும், அதுக்குப் புரியாது. காதால கேட்டு, குறி வைக்க 'எம்' கீயைத் தட்டுங்க.

அட, ஷூட்டிங்கைச் சொல்லாம விட்டுட்டேன். ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் விழுற நேரம், 1/50 செகண்ட். 1/1000 வச்சா தண்ணி ஒடஞ்ச கண்ணாடி மாதிரி தெறிக்கும், எனக்கு ஆகவே ஆகாது. நல்ல வெயில்ல கேமராவோட உணர்திறன் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் திறப்பு எஃப்4னா, வெளிச்சத்தைக் குறைக்கிற 5 ஸ்டாப் என்டி ஃபில்டர் போட்டே ஆகணும், ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகும்.

இன்னொண்ணு. ஸ்மெட்டானா 1884லயே போயிட்டாரு, இசைக்கு உரிமை கேக்க ஆளில்ல. ஆனா ஒலிப்பதிவுக்கு உரிமை தனி. இந்தியாவுல வெளியானதுலருந்து 60 வருஷம். எந்தப் பதிவுன்னு முடிவு பண்ணிட்டு வெட்டுங்க, ஒவ்வொருத்தர் வேகமும் வேற. பதிவை மாத்தினா மொத்தக் கட்டும் போச்சு.