மூடியில் வெட்டிய பெயர்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, வாஷியிலிருந்து இந்த டிராஃபிக்கிலும் நேரத்துக்கு மாட்டுங்கா வந்து சேர்ந்த சிறப்பு விருந்தினர் அவர்களே, செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே (இவரை விட்டால் அடுத்த கூட்டத்துக்கு மைக் கிடைக்காது), தாய்மார்களே, வணக்கம்.

மூன்று விஷயம் பேச வந்தேன். ஈயச் சொம்பு, பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கம், அப்புறம் பம்பாய்க்குக் குடிவந்த நம் குடும்பங்கள்.

எவர்சில்வர் வந்த காலத்தில் ஈயச் சொம்பைக் கேலி செய்யாத ஆளில்லை. ‘ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை’ என்பார் என் பாட்டி. எங்கள் பித்தளை அண்டாக்கள் எடைக்குப் போய்விட்டன, சொம்பில் இன்றும் ரசம் கொதிக்கிறது.

என் மைத்துனர் கதையைக் கேளுங்கள். சயானில் புதுக் குடித்தனம், மனைவி ஊருக்குப் போயிருந்தார். மாமியார் கொடுத்த சொம்பில் வெந்நீர் போடலாம் என்று காலிச் சொம்பை கேஸில் ஏற்றிவிட்டு, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போனவர், வழியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் டெஸ்ட் மேட்ச் ஸ்கோர் கேட்டு, அங்கேயே டீயும் குடித்து, திரும்பி வந்தால் சொம்பைக் காணோம்! திருட்டு என்று ஒரே ரகளை. வாட்ச்மேன்தான் பர்னரைக் காட்டினார், வழிந்து பளபளவென்று கிடந்தது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே புளித்தண்ணீர் இருந்தால் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், சொம்பு பிழைக்கும். (வாங்கும்போது காரீயம் கலக்காததா என்று கேட்டு வாங்குங்கள், அது விஷம்.)

மாமியார் போனில் கேட்டது ஒன்றுதான்: “மாப்பிள்ளை, மூடி இருக்கா? அதிலேதானே எங்கம்மா பேர் வெட்டியிருக்கு.”

எவர்சில்வர் மூடி இருந்தது. இப்போது பத்தாவது படிக்கும் மைத்துனர் மகள் அதைப் பார்த்து “இது என்ன டிசைன்?” என்றாள். கொள்ளுப்பாட்டியின் பெயர் அது! சிரித்தோம். சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு இத்தனை வருஷத்தில் மராத்தியில் நாலு வரி எழுத வரும்? ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை!

செயலாளர் சீட்டு நீட்டுகிறார், குடிவந்த கதை இன்னொரு நாள். தாராவியில் மாநகராட்சியே தமிழ்வழிப் பள்ளி நடத்துகிறது. நம் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கிடையாதா? பின்னறையில் கரும்பலகை இருக்கிறது, சொல்லித்தர டீச்சரம்மா தயார். பெயர் வெட்டிய பாத்திரம் ஒன்றோடு பிள்ளையை அனுப்புங்கள், முதல் பாடமே அதுதான். வாசலில் நோட்டு வைத்திருக்கிறோம், காபிக்குப் போகுமுன் எழுதிவிட்டுப் போங்கள்.