குடியை நிறுத்திய மூன்றாம் நாள்

நேயர்களுக்கு வணக்கம். வடசென்னையில் ராயபுரத்தையும் காசிமேட்டையும் ஒட்டிய தெருக்களில் பல ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று வந்த சுகாதாரச் செவிலியர் நான். மதுவின் கேட்டைக் குறைக்க அரசு செய்ய வேண்டியவை பல இருக்க, அவற்றுள் ஒன்றான, குடியை நிறுத்த முயல்பவருக்குத் தர வேண்டிய சிகிச்சையைப் பற்றி மட்டும் இன்று பேச விரும்புகிறேன்.

காசிமேட்டில் காலை மீன் ஏலம் முடிந்த நேரத்தில், டீக்கடை வாசலில் மீனவர் ஒருவர் கண்ணாடி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். அப்படியும் டீ அலம்பிச் சட்டையில் சிந்தியது. விடிவதற்குள்ளேயே குடித்துவிட்டார் என்று சுற்றி நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். உண்மையில், முந்தைய இரவுக்குப் பிறகு குடிக்காததால் வந்த கைநடுக்கம் அது. அந்த ஆண்டு கார்த்திகையில் அவர் மாலை போட்டு, ஒரே நாளில் குடியை நிறுத்தினார். மூன்றாம் நாள் இரவில், வலையில் சிக்கிய மீனைக் கழற்றுவதுபோல் வெறும் போர்வையைப் பிரித்துக்கொண்டே இருந்தார். மனைவியையே அடையாளம் தெரியவில்லை. விரதத்தில் ஏதோ குறை நேர்ந்துவிட்டதென்று அஞ்சிய வீட்டார் திருநீறு பூசினார்கள். ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததால் பிழைத்தார்.

நெடுங்காலம் நாள்தோறும் குடித்தவர் சட்டென நிறுத்தினால், சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும், ஓரிரு நாளில் வலிப்பும், அதன்பின் இத்தகைய மனக்குழப்பமும் பிதற்றலும் வரக்கூடும். கவனிக்காவிட்டால் உயிரே போகும். இதற்கு மருந்து உண்டு. பி1 வைட்டமின் ஊசியும், நடுக்கத்தை அடக்கிப் படிப்படியாகக் குறைக்கப்படும் மாத்திரைகளும் அரிதான பொருள்கள் அல்ல. ஆகவே, மனவுறுதி இருந்தால் விட்டுவிடலாம் என்ற அறிவுரையை மட்டும் சொல்லிவிட்டு நகர்வது, விட முயன்றவரையே கைவிடுவதாகும்.

1983-இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே நடத்துகிறது. அதன் வழியாக அரசுக்குக் கிடைக்கும் ஆண்டு வருவாய் 2023-24-இல் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகள் மூடப்பட்டதை நான் மனமார வரவேற்றேன். ஆனால், எங்கள் தெருக்கடை மூடப்பட்ட அன்று, அதன் வாடிக்கையாளர்கள் அடுத்த கடைக்கு நடந்தார்களே தவிர, அவர்களில் ஒருவரையாவது சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல யாரும் அங்கே நிற்கவில்லை. “கடை பன்னிரண்டு மணிக்குத் திறக்கும்னு குழந்தைக்குக்கூடத் தெரியுது, வைத்தியம் எங்கன்னு எனக்குத் தெரியலையேம்மா” என்று அந்த மீனவரின் மனைவி கேட்ட கேள்விக்கு விடை சொல்ல வேண்டியது, விற்கும் அரசுதான்.

பெரிய மருத்துவமனைகளில் இதற்கான பிரிவுகள் உண்டு. எனினும், நாட்கூலியை இழந்து அங்கே வரிசையில் நிற்பது துறைமுகச் சுமைதூக்குபவருக்கு எளிதல்ல. வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஒவ்வொன்றிலும், சர்க்கரை நோய்க்கு மாத்திரை தருவதுபோலவே, மாலை நேரத்தில் இந்தச் சிகிச்சையும் கிடைக்க வேண்டும். முன்பு வலிப்போ பிதற்றலோ கண்டவர்களுக்கு உடனே படுக்கை கிடைக்க வேண்டும். இதற்கான செவிலியர் பயிற்சிக்கும் மருந்துக்கும் மது வருவாயிலிருந்தே ஒரு பங்கைச் சட்டப்படி ஒதுக்கி, கடைவாசல் ஒவ்வொன்றிலும் அருகிலுள்ள நிலையத்தின் முகவரியையும் நேரத்தையும் பெரிய எழுத்தில் எழுதி வைக்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன். மாலை போடுவதற்கு முன்பே அந்த மீனவரைப் போன்றவர்கள் அங்கே வந்துவிட முடியும். நன்றி, வணக்கம்.