எழுத்து நழுவுற பிள்ளைக்கு நூலகம் என்ன செய்யலாம்?

[திரையில்: 'கொ' என்ற எழுத்து, மெல்ல மூன்றாகப் பிரிகிறது]

இந்த எழுத்தைப் பாருங்க. 'கொ'. சொல்றப்போ 'க்' முதல்ல, 'ஒ' பின்னால. எழுதுறப்போ? ஒற்றைக் கொம்பு முன்னாடி, 'க' நடுவுல, துணைக்கால் கடைசியில. நமக்குப் பழகிப்போச்சு. டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைப் படிக்கிறதுல சிரமம், உள்ள ஒரு பிள்ளைக்கு இதைச் சேர்த்துப் படிக்கிறது ஒவ்வொரு தடவையும் புது வேலை. கூடவே ண, ன குழப்பம்; ல, ள, ழ குழப்பம். புத்தியில எந்தக் குறையும் இல்லைங்க. எழுத்தையும் ஒலியையும் மூளை இணைக்கிற விதம்தான் வேற.

[காட்சி: நூலக அலமாரி, நெருக்கத்தில்]

அந்தப் பிள்ளை நூலகத்துக்குள்ள வருது. புத்தகமெல்லாம் முதுகைக் காட்டி நிக்குது. தலைப்பு பக்கவாட்டுல, பொடி எழுத்துல. சுவத்துல 'அமைதி காக்கவும்'. வாய்விட்டுப் படிச்சாத்தான் வரி பிடிபடும்கிற பிள்ளை எங்க போய் உட்காரும்?

சுவீடன் நூலகங்கள்ல குழந்தைகள் பகுதியில 'ஆப்பிள் அலமாரி'ன்னு ஒண்ணு உண்டு. எளிய நடைப் புத்தகம், ஒலிநூல் எல்லாம் ஒரே இடத்துல. 'குறைபாடு'ங்கிற பேச்சே பலகையில கிடையாது. ஒரு ஆப்பிள், அவ்வளவுதான். எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்த மரியாதைதான்.

நம்ம ஊர்ல சட்டம் ஏற்கெனவே கதவைத் திறந்து வச்சிருக்கு. 2012-ல திருத்தின பதிப்புரிமைச் சட்டப்படி, மாற்றுத்திறனாளிகள் படிக்கிறதுக்காக ஒரு நூலை லாப நோக்கமில்லாம ஒலி வடிவத்துக்கு மாத்தலாம். பார்வையற்றவங்களுக்கு மட்டும்னு அது சொல்லல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மாற்றுத்திறன் பட்டியல்ல டிஸ்லெக்சியாவையும் சேர்த்துக்கிச்சு. அதே வருஷம் 'சுகம்ய புஸ்தகாலயா' இணைய நூலகம் வந்தது. அச்சுப் புத்தகம் படிக்க முடியாதவங்களுக்கான நூல்கள் அதுல இருக்கு. இதைப் பத்தி அந்தப் பிள்ளையோட அம்மாகிட்ட யார் சொல்லியிருக்கா? அதுதான் என் ஆதங்கம்.

[காட்சி: ஹெட்போன் மாட்டிய சிறுமி, விரல் வரியில் நகர்கிறது]

காதுல ஒலி, கையில அதே புத்தகம். ரெண்டும் சேர்ந்து வரணும். நூலகர்களே, வெறும் ஒலிநூலைக் கொடுத்துட்டு புத்தகத்தைப் பிடுங்கிடாதீங்க. காது கேட்கிற சொல்லைக் கண்ணும் தொட்டுப் பார்க்கட்டும்.

மத்ததெல்லாம் கைக்காசு அளவுதான். ஒரு கெட்டி அட்டையில, ஒரு வரி மட்டும் தெரியுற மாதிரி ஜன்னல் வெட்டுங்க. பக்கத்து மேல வச்சு நகர்த்தினா வரி தப்பாது. கவுன்ட்டர்ல பத்து அட்டை கிடக்கட்டும், யார் வேணா எடுத்துக்கலாம். பத்துப் புத்தகமாவது முகம் காட்டி நிக்கட்டும். சத்தமா வாசிக்க ஒரு மூலை ஒதுக்குங்க. உறுப்பினர் படிவத்தை நீங்களே கேட்டு நிரப்புங்க.

அப்புறம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிற தவணை. எல்லாருக்கும் ரெண்டு வாரம்னா இந்த வாசகருக்கு ஒரு மாசம் கொடுங்க. அபராதம் வேண்டாம்.