விறகுப் புகையும் நுரையீரலின் காவல் செல்களும்

(திரையில்: உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம். ஊதுகுழல், சீமைக் கருவேல விறகு எரியும் அடுப்பு.)

பீடியைக் கையால்கூடத் தொடாத பெண்களுக்கு மூச்சு இளைப்பு எப்படி வருகிறது? நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு விறகுப் புகையே போதும். மூடிய சமையலறையில் முப்பது, நாற்பது ஆண்டுகள் ஊதி ஊதிச் சமைத்தவரை ‘வயதாகிவிட்டது, மூச்சு வாங்கத்தான் செய்யும்’ என்று விட்டுவிடுவது பெரிய அநியாயம். டாக்டரிடம் போனால் அடுப்பைப் பற்றியும் சொல்லுங்கள்.

(படம்: காற்றறைகள், நெருக்கத்தில்.)

நம் நுரையீரலில் முப்பது கோடிக்கும் குறையாத காற்றறைகள் உண்டு. அவற்றுக்குள் ஊர்ந்து திரிபவை மேக்ரோபேஜ் என்னும் விழுங்கும் செல்கள். தூசி, கரி, கிருமி எது வந்தாலும் விழுங்கிவிடும். நோயற்ற ஒருவரின் காற்றறைகளை உப்புநீரால் கழுவி எடுத்துப் பார்த்தால், பத்தில் எட்டுக்கு மேல் இவைதான்.

பல ஆண்டுகள் புகையை இழுத்தவருக்கு இவை குறைந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? பல மடங்கு பெருகியிருக்கும்! ஆனால் விழுங்கும் திறன் குன்றியிருக்கும். பாக்டீரியாவையும் சரியாக விழுங்காது, இறந்த செல்களையும் அகற்றாது. மார்கழிப் பனியில் பிடித்த சளி நெஞ்சை விட்டு இறங்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

(படம்: ரத்தக் குழாயிலிருந்து வெளியேறும் நியூட்ரோபில்கள்.)

வேலை குறைந்தாலும் மேக்ரோபேஜ்கள் அழைப்பு விடுப்பதை நிறுத்துவதில்லை. இவை சுரக்கும் வேதிப்பொருள்களை மோப்பம் பிடித்து நியூட்ரோபில்கள் என்ற ஒருவகை வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. அவை கக்கும் எலாஸ்டேஸ் என்ற நொதி, காற்றறை விரிந்து சுருங்க உதவும் மீள்நார்களையே அறுக்கிறது. கல்லீரலில் உருவாகும் ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்ற புரதம் அந்த நொதியை அடக்கிவைக்கும். இந்தப் புரதம் குறைந்த சிலரின் நுரையீரல் சிதைந்திருப்பதை 1963-இல் ஸ்வீடனில் லாரெல், எரிக்சன் இருவரும் கண்டறிந்தார்கள். நொதிக்கும் அதைத் தடுக்கும் புரதத்துக்கும் உள்ள சமநிலையை ஆராயும் வழி அங்கிருந்துதான் திறந்தது. சிகரெட் புகை இந்தப் புரதத்தையும் பலவீனமாக்குகிறது.

வைரஸ் புகுந்த செல்களைக் கொல்லும் சி.டி.8 வகை டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களும் மூச்சுக்குழாய்ச் சுவரில் சேர்கின்றன. நோய் முற்றியவர்களின் சிறு மூச்சுக்குழாய்ச் சுவர்களில் பி செல்கள் என்ற இன்னொரு வகை எதிர்ப்புச் செல்கள் முடிச்சு முடிச்சாகக் கூடியிருக்கும்.

வருத்தமான செய்தி: புகையை நிறுத்திய பிறகும், இந்தச் செல்கள் குவிந்து உண்டாக்கும் புண்பட்ட வீக்கமான அழற்சி பலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. ஆனாலும் நிறுத்தத்தான் வேண்டும். சிகரெட்டை விட்டவர்களுக்கு நுரையீரல் தேயும் வேகம் குறைவது தெளிவாகத் தெரிந்த உண்மை.

(திரையில்: ரத்தப் பரிசோதனை அறிக்கை.)

சிகிச்சையிலும் செல்களைக் கவனிக்க வேண்டும். நியூட்ரோபில் மிகுந்த அழற்சி, அழற்சியைத் தணிக்கும் மருந்தான ஸ்டீராய்டுக்கு எளிதில் அடங்காது. ரத்தத்தில் ஈசினோபில் என்ற வேறு வகை வெள்ளணு ஒரு மைக்ரோலிட்டருக்கு 300 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்கு, திரும்பத் திரும்ப நோய் திடீரென மோசமாவதைத் தடுக்க ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் நன்றாக உதவுகிறது. மதுரைப் பக்கத்துத் தோப்பூர் அரசு நெஞ்சக மருத்துவமனைக்கோ வேறு நெஞ்சக மருத்துவரிடமோ போகும்போது, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையோடு இந்த எண்ணிக்கையையும் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று அவருடைய இன்ஹேலரை வாங்கி இழுக்காதீர்கள்.