தன் கணக்கில் தப்பே வராது, ஆனால் வாய் திறக்க மாட்டார்

வணக்கம் மக்களே. நன்றாக வேலை பார்த்தவர் திடீரென ஒதுங்கிப் போனால், "அவருக்கு ஆர்வம் போயிடுச்சு" என்று மேலதிகாரி முடிவு கட்டிவிடுவார். எனக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு.

நான் முன்பு இருந்த ஆபீஸில், அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒரு அக்கா. பக்கத்து மேசைக்காரர் போடும் இன்வாய்ஸில் ஜிஎஸ்டி எண் ஒரு இலக்கம் மாறியிருந்தால்கூடப் பிடித்துவிடுவார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. ஒரு நாள் மீட்டிங்கில் மேனேஜர் எல்லார் முன்னாலும், "உங்க வேலையை மட்டும் பாருங்க" என்று வெட்டிவிட்டார். அப்புறமும் அக்காவின் கணக்கில் ஒரு பைசா பிசகியதில்லை. ஆனால் பக்கத்திலிருந்து தப்பான இன்வாய்ஸ் போகும். பார்ப்பார், பேசாமல் திரும்பிக்கொள்வார்.

அக்காவுக்கு வேலை மேல் இருந்த பற்று அப்படியே இருக்கிறது. இந்த இடத்தில் என் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்ற நம்பிக்கைதான் உடைந்துபோனது. இதைத் தனியாக அளப்பதற்கென்றே ஜான் பியர்ஸும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 1989-இல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். மொத்தம் 10 வாக்கியங்கள். இங்கே என்னை நம்புகிறார்கள், என் பேச்சைப் பொருட்படுத்துகிறார்கள் என்கிற மாதிரி. எல்லாமே "இங்கே" பற்றித்தான். ஊரில் நிமிர்ந்து நடக்கும் மனிதர் ஆபீஸ் வாசலில் ஏன் குறுகிப் போகிறார் என்பது இதைப் படித்தபோது எனக்குப் பிடிபட்டது.

எமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001-இல் எழுதிய கட்டுரையில் அமெரிக்க மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்கள் வருகிறார்கள். ஒரே வேலைதான். சிலர் துடைத்துவிட்டுப் போய்விடுவார்கள். சிலர் நோயாளிகளையும் அவர்களைப் பார்க்க வருபவர்களையும் சேர்த்துக் கவனிப்பார்கள். நினைவின்றிக் கிடப்பவர்களின் வார்டில் ஒருவர் சுவர்ப் படங்களை மாற்றி மாட்டுவார் என்று ரெஸ்னெஸ்கி சொல்லியிருக்கிறார். அது எந்த வேலைப் பட்டியலிலும் இல்லை. அக்கா பக்கத்து மேசை இன்வாய்ஸைப் பார்த்ததும் அப்படித்தான். பட்டியலில் இல்லாததை, செய்யச் சொல்லி யாரும் கேட்க முடியாது. நிறுத்திவிட்டால் ஏன் என்றும் கேட்க முடியாது.

வேலையைத் தன்னுடையதாக நினைப்பவருக்குத்தான் "உங்க வேலையை மட்டும் பாருங்க" மாதிரிச் சொல் ரொம்ப வலிக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சம்பளத்துக்கு வந்து போகிறவர் சாயங்காலமே மறந்துவிடுவார்.

மேனேஜராக இருப்பவர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், தனியாக அறைக்குக் கூப்பிட்டுச் சமாதானம் பேசாதீர்கள். எந்த மீட்டிங்கில் வெட்டினீர்களோ, அதே ஆட்கள் முன்னால் "அன்னைக்கு நீங்க சொன்னது சரிதான்" என்று சொல்லுங்கள்.