ஆனைக்கும் அடி சறுக்க வேண்டும்

(தருமபுரியில் நூலக வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, இந்த அரங்கை மனமுவந்து திறந்துவிட்ட நூலகர் அம்மையார் அவர்களே, ஒலிபெருக்கி தந்து உதவிய வணிகப் பெருமக்களே, பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் பிள்ளைகளே, அவர்களைக் கூட்டி வந்த பெற்றோர்களே, வணக்கம். வாசகர் வட்டத்தின் மூத்த ஐயா அவர்கள் "போக்கிமான் என்றால் என்ன?" என்று கேட்டுக் குறிப்பெடுத்தபடி முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு வணக்கம். போக்கிமான் என்பது கற்பனை உயிரினங்களை மோதவிடும் வீடியோ ஆட்டம், ஐயா; அந்த உயிரினங்களுக்கும் அதே பெயர். ஒவ்வொன்றுக்கும் நீர், பனி, மின்சாரம் போல ஒரு வகையோ இரண்டு வகையோ உண்டு; இயல்பாக வரும் ஒரு குணம் உண்டு; கையில் ஒரு பொருளையும் கொடுக்கலாம்.

அளவுமீறிய பலமுள்ள ஒரு போக்கிமானைப் போட்டியிலிருந்து விலக்கலாமா? இதில் மூன்று செய்திகள் உண்டு: தனி பலம், இரண்டு சேரும்போது வரும் பலம், தீர்ப்பு சொல்வது யார் என்பது.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். பென்னாகரம், தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்துக்காரர்களுக்கு ஆனையின் பலத்தை நான் விளக்க வேண்டியதில்லை. என் அளவுகோல் இந்தப் பழமொழிதான். அடி சறுக்க ஓர் இடமாவது இருக்கும் ஆனை களத்தில் இருக்கட்டும். சறுக்கவே சறுக்காத ஆனையை வெளியே நிறுத்துங்கள்.

மெகா ரேக்வேசாவைப் பாருங்கள். மற்ற போக்கிமான், ஆட்டத்தின் நடுவே பலம் கூடும் மெகா உருவத்தை எடுக்க ஒரு கல்லைக் கையில் வைத்திருக்க வேண்டும். வேறு பொருளுக்கு இடமில்லை. அதுதான் மெகாவுக்குக் கொடுக்கும் விலை. ரேக்வேசாவுக்குக் கல் வேண்டாம். டிராகன் அசென்ட் என்ற தாக்குதல் தெரிந்தால் போதும். கை காலியாக இருப்பதால் அடியைக் கூட்டும் லைஃப் ஆர்பையும் கொடுக்கலாம். உயிர், தாக்குதல், வேகம் போன்றவற்றின் அடிப்படைப் புள்ளிகள் மொத்தம் 780. டிராகனும் பறவையும் கலந்த வகை என்பதால் பனித் தாக்குதல் அதன்மேல் 4 மடங்காக விழ வேண்டும். அதன் டெல்டா ஸ்ட்ரீம் குணம் அதை 2 மடங்காக்கிவிடுகிறது. சறுக்கும் இடத்தை அதுவே மண் போட்டு மூடிக்கொள்கிறது! 2014-இல் வெளிவந்த இந்த மெகா உருவத்தை ஸ்மோகன் என்ற இணைய ஆட்டச் சமூகம், மிகப் பலசாலிகளுக்கென்றே இருந்த ஊபர்ஸ் பிரிவிலிருந்தும் விலக்கியது. அதற்காகவே 'எதுவும் செல்லும்' என்ற பொருளில் புதிய பிரிவு தொடங்கினார்கள். சரியான முடிவு என்பேன்.

ஆனால் பலசாலி என்று பேர் வாங்கியதையெல்லாம் விலக்கக் கூடாது. அதே 2014-இல் வாஷிங்டனில் உலகப் போட்டி. அது ஒவ்வொருவரும் ஒரே நேரத்தில் இரண்டு போக்கிமானைக் களமிறக்கும் ஆட்டம். அந்த ஆண்டு எங்கு திரும்பினாலும் மெகா கங்காஸ்கான்; தாயும் குட்டியுமாக ஒரே முறையில் இரண்டு அடி அடிக்கும். அப்போது கொரியாவின் சே ஜுன் பார்க் கொண்டுவந்தது என்ன தெரியுமா? பச்சிரிசு! ஒரு அணில்! மொத்தப் புள்ளி 405. யாரும் திரும்பிப் பார்க்காத அணில். அதன் வேலை 'ஃபாலோ மீ': எதிரியின் அடியைத் தன் மேல் இழுத்துக்கொள்வது. பக்கத்தில் நின்றது க்யாரடோஸ். நீரும் பறவையும் கலந்த அதன்மேல் மின்னடி விழுந்தால் 4 மடங்கு. அந்த மின்னடியை அணில் வாங்கிக்கொள்ளும். அணிலுக்கோ வோல்ட் அப்சார்ப் குணம். மின்சாரம் பட்டால் உயிர் ஏறும்! எதிரி அடிக்க அடிக்க அணில் தெம்பாகிறது, க்யாரடோஸ் தன் வேலையைப் பார்க்கிறது. அடிக்கவும் தெரியும் அதற்கு: 'சூப்பர் ஃபேங்' பட்டால், எப்பேர்ப்பட்ட எதிரியானாலும் மிச்சமிருக்கும் உயிரில் பாதி போய்விடும். சே ஜுன் பார்க் உலகச் சாம்பியன் ஆனார். ஆனைக்கும் அடி சறுக்கியது. சறுக்க வைத்தது அணில். கங்காஸ்கானை முன்கூட்டியே விலக்கியிருந்தால் அந்தக் காட்சி ஏது?

இரண்டு சேரும் பலத்துக்கு 2011-இன் மழை விதி ஒன்று போதும். அப்போது ஓயாத மழை தந்த டிரிசில் குணமும், மழையில் வேகத்தை இரட்டிப்பாக்கும் ஸ்விஃப்ட் ஸ்விம் குணமும் ஒரே அணியில் கூடாது என்றது ஸ்மோகன்.

தீர்ப்பு சொல்வது யார்? ஆடியவர்கள்தான். சில போட்டிகளில் பதிவு மேசையில்தான் தடைப் பட்டியலை நீட்டுகிறார்கள். மாதக்கணக்கில் அணி கட்டிய பிள்ளை அங்கே அழுது நிற்கிறது. எருது விடும் விழாவில் எவ்வளவு தூரம் ஓட வேண்டும், குறைந்த நொடியில் கடந்த காளைக்கே பரிசு என்பது காளையை அவிழ்க்கும் முன்பே தெரியும். அந்த நியாயம் இங்கேயும் வேண்டும். பட்டியலை 30 நாள் முன்னதாகத் தமிழில் ஒட்டுங்கள். சந்தேகத்துக்குரிய போக்கிமானை இரண்டு வாரம் களத்தில் விடுங்கள். குறைந்தது 20 ஆட்டம் ஆடியவர் மட்டும் வாக்களிக்கட்டும். நூற்றுக்கு 60 வந்தால் விலக்குங்கள். வெறும் பாதி போதும் என்றால், நேற்றுத் தோற்றவர்களின் கோபமே சட்டமாகிவிடும்.

பெரியோர்களே, 20 ஆட்டம் ஆட நம் பிள்ளைக்கு இடம் எங்கே? இதற்காகத்தான் மேடை மேடையாகக் கேட்கிறேன்: ஒவ்வொரு கிளை நூலகத்திலும் சனிக்கிழமை ஒரு மேசை. விலை உயர்ந்த கருவி வேண்டாம். போக்கிமான் ஷோடவுன் என்ற இணைய ஆட்டக் களம் பிரவுசரிலேயே இலவசமாக ஓடும். இணையம் வரும் ஒரு பழைய மடிக்கணினியும் ஒரு கைப்பேசியும் இருந்தால் இரண்டு பேர் மோதலாம். சுவரில் 18 வகைகளின் பலம், பலவீனம் காட்டும் அட்டவணை, தமிழில். ஆறு போக்கிமானின் பெயர், குணம், கைப்பொருள், நான்கு தாக்குதல் எழுத ஒரு தாள். கம்பைநல்லூர் பிள்ளையும் அரூர் பிள்ளையும் ஆடிப் பார்த்து, எந்த ஆனை சறுக்கும், எது சறுக்காது என்று அவர்களே சொல்லட்டும்.

நூலகர் அம்மையாரிடம் கொடுக்க வேண்டிய கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெற்றோர்கள் ஊர்ப் பெயரோடு கையெழுத்திடுங்கள். கடைசி பஸ்ஸுக்குப் போகும் பென்னாகரத்துக்காரர்கள் முதலில் வாருங்கள். நன்றி, வணக்கம்.